முக்கால் நிமிட மின்னல்

உலகத்தாருக்கு இதனால் அறிவிக்கப்படுவது: இன்று முற்பகலோடு மின்சாரத்தின் ஆட்சி முடிவுக்கு வந்தது. இனி ஒளியே ஒளிக்கு ஆணையிடும். ஒளியே ஒளியைத் திறக்கும், ஒளியே ஒளியை மூடும். கம்பிகளும் அவற்றில் ஓடிய எலெக்ட்ரான்களும் இதுநாள்வரை ஆற்றிய சேவைக்கு மனிதகுலம் நன்றி கூறி விடை கொடுக்கிறது. புது யுகம் பிறந்தது. பிறந்த இடம்: இரண்டாம் மாடி, இடதுபுறம், கழிப்பறைக்கு அடுத்த அறை.

இந்த அறிவிப்பு இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகையில், காணாமல் போன குடையைப் பற்றிய தாளுக்கும் லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றிய தாளுக்கும் நடுவே ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் துறைப் பேராசிரியர். கடைசி வரி மட்டும் அவருடையதல்ல. யாரோ வேலையற்றவர் பேனாவால் சேர்த்தது.

பேராசிரியருக்கு முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘யுகம்’. புது யுகம் பிறந்துவிட்டதாக அவர் அறிவிப்பது இது முதல் தடவையல்ல. மேல்மாடிக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வந்தபோதும் ஒரு யுகம் பிறந்தது. அது ரிப்பேரானபோது அந்த யுகம் சத்தமில்லாமல் முடிந்தது. அதனால் அறிவிப்பை லேபில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த முறை பொறுமையே ஆடிப்போயிருந்தாள்.

பொறுமை என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, லேப் வைத்தது. அங்கே ஒரு சட்டம் உண்டு: மீட்டர் முழுக்க அடங்கி நின்ற பிறகுதான் அளவை எழுத வேண்டும். எப்போதோ அவசரப்பட்டு எழுதி, ஒரு கருத்தரங்க மேடையில் மூக்குடைபட்ட யுகம் போட்ட சட்டம். மற்ற ஆராய்ச்சியாளர்கள் மீட்டர் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் பார்த்து உத்தேசமாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் மட்டும் பிரசவ வார்டு வாசலில் நிற்பவள் மாதிரி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் கம்ப்யூட்டருக்கும் தன் குணத்தையே கற்றுக்கொடுத்து ஒரு நிரல் எழுதினாள். வெளிச்சத்தை ஒரு படி ஏற்று, வெளியே வருவது அடங்கும்வரை காத்திரு, அடங்கியதும் குறித்துக்கொள், அடுத்த படி ஏறு. இந்த நிரலைப் பார்த்துத்தான் யுகம் அவளைக் கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். வினை அங்கேதான் ஆரம்பம்.

மேசைமேல் இருந்தது இவ்வளவுதான்: ஒரு பச்சை லேசர், எதிரெதிரே பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு சின்னக் கண்ணாடிகள், அவற்றின் நடுவே சாயம் கலந்த பிளாஸ்டிக் படலம் ஒன்று, நகத்தளவு. அந்த நகத்தளவுக்காக அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்து உழைக்கிறாள்.

சாதாரணப் பொருள்கள் வெளிச்சத்திடம் ஒழுங்காக நடந்துகொள்ளும். இரு மடங்கு கொடுத்தால் இரு மடங்கு வெளியே விடும். ஒளியை வளைப்பதிலும் ஒரே கணக்குதான். ஆள் பார்த்து வளைக்காது. இந்தப் படலம் ஆள் பார்க்கும். மங்கலான ஒளிக்கு ஒரு வளைவு, பலமான ஒளிக்கு வேறு வளைவு. பெரிய அலுவலகம் எதிலாவது கோப்பு நகர்த்தப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொஞ்சம் சிபாரிசோடு போனால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் அதே கதைதான். ஓர் எல்லை தாண்டியதும் சடாரென்று எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார். வேடிக்கை அதற்குப் பிறகு. ஒரு தடவை எழுந்துவிட்டால், சிபாரிசு சற்றுக் குறைந்தாலும் உட்கார மாட்டார். வெகுவாகக் குறைந்த பிறகுதான் பழையபடி முகத்தைத் திருப்புவார். ஆக, நடுத்தரமான சிபாரிசுக்கு இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு வாய்ப்பது யார் என்பது நீங்கள் மேலிருந்து இறங்கி வந்தீர்களா, கீழிருந்து ஏறி வந்தீர்களா என்பதைப் பொறுத்தது. இதற்குத்தான் இருநிலைத்தன்மை என்று பெயர். ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு பதில் சொல்லும் பொருள் கிடைத்தால் அதை ஸ்விட்ச் ஆக்கலாம், நினைவகம் ஆக்கலாம், கம்ப்யூட்டரையே ஒளியால் கட்டலாம் என்று உலகமெங்கும் லேப்களில் ஆட்கள் தூக்கம் கெட்டு அலைகிறார்கள்.

அன்று முற்பகல் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கிராஃப் நின்றான். மற்றவர்களின் அளவுகளை வாங்கி, நல்ல நல்ல வண்ணத்தில் வரைந்து கொடுப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“அக்கா, இது தூங்கிடுச்சு.”

“அடங்கட்டும்டா.”

“அது அடங்கறதுக்குள்ள நான் அடங்கிடுவேன் போல.”

அவன் வாய் மூடவில்லை. அடுத்த புள்ளி கீழ்வரிசையில் விழவில்லை. அது திரையின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது.

“அக்கா!”

“கத்தாத! மேசை ஆடும்!” என்று கத்தியவள் மேசையை முழங்காலால் இடித்தாள். புள்ளி அசையவில்லை. அடுத்ததும் உச்சியில், அதற்கடுத்ததும் உச்சியில்.

“இறக்கு, இறக்கு. இப்ப வெளிச்சத்தைக் குறைச்சுப் பாரு.”

நிரல் படி இறங்க ஆரம்பித்தது. தாவிய இடம் வந்தது. பொறுமை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “விழுந்துடாத கண்ணு... விழுந்துடாத...” புள்ளி விழவில்லை. தாவிய இடத்தைத் தாண்டிக் கீழே வந்தும் உச்சியிலேயே ஜம்மென்று நின்றது. இன்னும் நாலு படி இறங்கிய பிறகுதான், போனால் போகிறதென்று தொப்பென்று கீழே வந்தது. போன வழி வேறு, வந்த வழி வேறு. நடுவில் கயிற்றுச் சுருக்கு மாதிரி ஓர் அழகான கண்ணி. பாடப்புத்தகத்தில் இருக்கும் படம்கூட இவ்வளவு லட்சணமாக இல்லை. இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்; அதே கண்ணி.

கிராஃப் அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், அக்கா என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்து, நாற்காலியைக் கட்டிப்பிடித்தான். அவள் ஒற்றைச் செருப்போடு வராந்தாவில் ஓடினாள். இன்னொன்று மேசைக்கடியில் கிடந்தது.

யுகம் படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தாவிடுச்சாம்மா?”

“தாவிடுச்சு சார். திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல தாவுது.”

“கதவைச் சாத்தும்மா, வெளிய தெரியக்கூடாது.” உடனே எழுந்து நின்றார். “வேண்டாம். திற. எல்லாரும் பாக்கட்டும்!”

அப்புறம் நடந்ததுதான் அந்த அறிவிப்பு. அதன் இரண்டாம் பத்தியில், மேற்படி ஸ்விட்ச் ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் வேலை செய்யும் என்று இருந்தது. அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. இந்த மாதிரிப் பொருள்களைப் பற்றி எழுதும் எல்லாக் கட்டுரைகளின் முன்னுரையிலும் அந்த எண் இருக்கும். அங்கிருந்து யுகம் எடுத்துப் போட்டார். பொறுமையும் அதைப் படித்துப் பூரித்துப்போனாள். திரையில் புள்ளி தாவியதை அவள் கண்ணால் பார்த்தாளே! ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே தன் நிரல் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது என்று அவள் பார்க்கவில்லை. அந்தப் படத்தில் உள்ளே போன வெளிச்சத்துக்கு ஓர் அச்சு உண்டு, வெளியே வந்த வெளிச்சத்துக்கு ஓர் அச்சு உண்டு. நேரத்துக்கு அச்சே கிடையாது.

யுகத்தின் வேகத்துக்கு மட்டும் குறைவில்லை. கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த கூடத்தை ‘அதிவேக ஒளி மாற்று மையம்’ ஆக்குவதென்று தீர்மானமாயிற்று. நிதிக் குழுத் தலைவியை அழைத்து, அவர் கையாலேயே ஒளியால் ஒளியைத் திறந்து காட்டி, மையத்துக்கு நிரந்தர ஒப்புதல் வாங்குவது திட்டம். பொறுமையின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. “மையம் வந்தா அதுக்கு ஒரு பிரிவுத் தலைவர் வேணும்மா. வேற யாரை நான் போடுவேன்?” என்றார் யுகம். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை; ஒளியியல் தெரிந்தவர்களை வேலைக்கு எடுக்கும் இடம் அந்த ஊரில் இன்னொன்று உண்டென்றால் அது மூக்குக்கண்ணாடிக் கடை.

வீட்டில் மாமியார் செய்தியைக் கையிலெடுத்துக்கொண்டார். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரி ஏய்ப்பைத் தவிர வேறு எதையும் லேசில் நம்பாதவர். மருமகள் விஷயத்தில் மட்டும் தளர்ந்துவிட்டார். நாலாம் மாடியில் அவர் சொன்னது தரைத்தளம் இறங்குவதற்குள் கூடிக்கொண்டே போய், சாயங்காலம் பொறுமை வாசலில் நுழையும்போதே காவல்காரர் கேட்டார்: “ஏம்மா, இனிமே கரன்ட் பில்லே வராதாமே?”

“அத்தை, அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“நான் எங்கம்மா சொன்னேன்? நீ ஏதோ ஸ்விட்ச் கண்டுபிடிச்சிருக்கேன்னு மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை அவங்களா போட்டுக்கிட்டாங்க.” சற்றுக் கழித்து, “வராதுதானே?” என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பிற்பகல், கருவிகளை இறக்கி வைத்திருந்த கீழ்த்தளக் கூடத்தில் பொறுமை மட்டும் இருந்தாள். செய்முறை இப்படி: நிலையான ஒரு கற்றை படலத்தின் மேல் எப்போதும் விழுந்துகொண்டிருக்கும். அது நடுத்தர சிபாரிசு, அதிகாரி எழமாட்டார். தலைவி ஒரு பித்தானை அழுத்தினால் இன்னொரு சின்னக் கற்றை வந்து சேரும். எல்லை தாண்டும். படலம் திறக்கும். கூடத்துச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் பச்சை வட்டம் பளிச்சிடும். பித்தானை விட்டாலும் வட்டம் அணையாது. அதிகாரி எழுந்துவிட்டாரே!

அவள் பித்தானைத் தட்டினாள்.

பலகை இருட்டாகவே இருந்தது. மறுபடி தட்டினாள். லிஃப்ட்டுக்கு அவசரப்படுகிறவள் மாதிரி டக்டக்கென்று தட்டினாள். ஒன்றும் இல்லை. கண்ணாடிகளைப் பார்த்தாள், கற்றைகளைப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒயர் கழன்றிருக்குமோ என்று ஒரு கை பித்தானை அழுத்தியபடியே இருக்க, மேசைக்கடியில் குனிந்து துழாவினாள். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. முனகிக்கொண்டே, தூசியைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்வதற்கும் கூடம் பச்சையாவதற்கும் சரியாக இருந்தது.

ஒரு கணம் அப்படியொரு சந்தோஷம். அதற்கடுத்த கணம் புரிந்துவிட்டது.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி செய்தாள். முக்கால் நிமிடம். மறுபடியும் முக்கால் நிமிடம். லட்சம் கோடியில் ஒரு பங்கு வினாடி என்றால் அது எலெக்ட்ரான்கள் செய்யும் வேலை. வெளிச்சம் பட்டதும் அவை விலகிக்கொடுக்கும். முக்கால் நிமிடம் என்றால் அது சூடு. வெளிச்சம் பட்டுப் பட்டுப் படலம் சூடேறுகிறது, சூடேற ஏற வளைவு மாறுகிறது, மாறினால் இன்னும் வெளிச்சம் உள்ளே வருகிறது, இன்னும் சூடேறுகிறது, ஒரு கட்டத்தில் மடை உடைகிறது. தாவல் உண்மை. கண்ணி உண்மை. இருநிலை அத்தனையும் உண்மை. வேகம் மட்டும் பொய். புது யுகத்தின் ஸ்விட்ச், வெந்நீர் போடும் பாத்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரவேண்டிய இடம்தான். ஆனால் கை தானாகப் பித்தானுக்குப் போயிற்று. இருட்டு, இருட்டு, இருட்டு... பச்சை! சே, எவ்வளவு அழகாகத் தாவுகிறது!

யுகத்திடம் ஓடினாள். இந்த முறை இரண்டு செருப்போடும்.

“சார், ஸ்விட்ச் மெதுவா வேலை செய்யுது.”

“எவ்வளவு மெதுவா? லட்சம் கோடி இல்லாம, ஆயிரம் கோடியில ஒரு பங்கா? பரவாயில்லம்மா, அதுவும் யுகம்தான்.”

“முக்கால் நிமிஷம் சார்.”

யுகம் எழுந்து கதவைச் சாத்தினார். “மீட்டர் அடங்கலயோ என்னவோ.”

“மீட்டரே இல்ல சார். கண்ணால பாத்தேன். இது சூடு. எலெக்ட்ரான் இல்ல.”

மனிதரின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் யுகம் போன்றவர்கள் வெகுநேரம் சுருங்கியிருப்பதில்லை. திடீரென்று நிமிர்ந்தார். “முக்கால் நிமிஷம்தானே? நான் பேசறேன்ல? மேடம் பித்தான்ல விரலை வைக்கட்டும். நான் ‘ஆதியில் இருள் இருந்தது’ன்னு ஆரம்பிக்கிறேன். சூரியன் உண்டாகறதுக்கு முன்னாடியே உன் படலம் சூடாயிடும்.”

“சார், வாசல்ல அதிவேகம்னு கல்லுல வெட்டி வச்சிருக்கோம்.”

“கல்லு எங்கம்மா ஓடப்போகுது?”

“யாராவது கேட்டா?”

“கேக்கமாட்டாங்க. என் பேச்சு முடிஞ்சப்புறம் இதுவரைக்கும் யாரு கேள்வி கேட்டிருக்காங்க, சொல்லு பாப்போம்?” இது மறுக்க முடியாத உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “பொறுமையா இரும்மா. உன் வேலையும் இதுலதான் இருக்கு.”

மறுநாள் காலை கணவன் அவளைத் தன் காரில் கொண்டுவிட்டான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. அதனால் அவர்களுடைய சண்டைகளில் வண்டி அடிக்கடி நிற்கும்.

“நான் சொல்லிடப்போறேங்க,” என்றாள்.

“சொல்லு.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். எங்கிட்ட வா. உனக்கு ஏத்த ஸ்டூடன்ட் ஒருத்தர் இருக்காரு. ஓரமா நிறுத்தச் சொன்னா, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு யோசிப்பாரு. முக்கால் நிமிஷமெல்லாம் அவருக்குப் பத்தாது.”

“கிண்டல் பண்ணாதீங்க. பேச்சு தயார் பண்ணியிருக்கேன், கேளுங்க.” அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பெருமதிப்புக்குரிய தலைவி அவர்களே! உண்மை என்பது வெளிச்சத்தைப் போன்றது. அதை மறைக்க முற்படும் கைகள்...”

அவன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தான். “யாரு எழுதிக் குடுத்தது, உங்க சாரா?”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைக்காக வேலையைத் துறக்கப்போகும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான். மீதிப் பேச்சை அவள் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். கைதட்டல் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள்.

கூடம் நிரம்பியிருந்தது. மேசையைச் சுற்றிக் கறுப்புத் திரை, எதிரே வெள்ளைப் பலகை, நடுவே வெல்வெட் துணிமேல் பித்தான். நிதிக் குழுத் தலைவி வந்தார். ஒரு காலத்தில் ரயில்வேயில் சிக்னல் பிரிவுப் பொறியாளராக இருந்தவராம். உட்காரச் சொன்னால் உட்காராமல், நிற்கச் சொன்னால் நடந்துகொண்டிருக்கும் ஆள்.

யுகம் மைக்கைப் பிடித்தார். “ஆதியில் இருள்...”

“பேச்சு அப்புறம் வச்சுக்கலாம் சார்,” என்றார் தலைவி. “எனக்கு அடுத்து இன்னொரு திறப்பு விழா இருக்கு. எதை அழுத்தணும்? இதுதானே?”

அழுத்தினார். விரலை எடுத்தார். பலகையைப் பார்த்தார். இருட்டு.

“ஆதியில்...” என்றார் யுகம் பலவீனமாக.

தலைவி மறுபடி தட்டினார். டக், டக், டக். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். யுகம் மைக்கோடு நெருங்கி வந்தார். “மேடம், மின் இணைப்புல ஒரு சின்ன...”

“மின்சாரத்தோட ஆட்சி முடிஞ்சுடுச்சுன்னு வெளியில ஒட்டியிருக்கே சார்?”

கூடம் இப்போது வெளிப்படையாகவே சிரித்தது. கிராஃப் பொறுமையைப் பார்த்தான். பொறுமை பலகையைப் பார்த்தாள். அவள் மண்டையில் உண்மையும் இல்லை, வேலையும் இல்லை, பெருமதிப்புக்குரிய தலைவி அவர்களும் இல்லை. ஒரே ஒரு எண்ணம்தான்: இந்த அம்மா இப்படித் தட்டித் தட்டி எடுத்தால் ஏறின சூடெல்லாம் ஆறிப்போகும், தாவாது, தாவாமலே இவர்கள் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள், பார்க்காமலே போய்விடுவார்கள்!

தலைவி திரும்பினார். பொறுமை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்து, அவர் கையைப் பிடித்து, விரலைப் பித்தான்மேல் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

“எடுக்காதீங்க மேடம்! சூடாகணும்!”

“என்னது?”

“சார் சொன்னது தப்பு மேடம். இது வேகமே இல்ல. சூட்டுல வேலை செய்யுது. முக்கால் நிமிஷம் ஆகும். எடுக்காதீங்க!”

அவ்வளவுதான். உண்மை என்பது வெளிச்சத்தைப் போன்றது என்ற பகுதி வரவே இல்லை. யுகம் மைக்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“எவ்வளவு ஆச்சு?” என்றார் தலைவி மெதுவாக. கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“பாதி.”

“தெரிஞ்சே தாவுமா, தெரியாம தாவுமா?”

“திடீர்னு மேடம். முன்னாடி ஒண்ணுமே தெரியாது. அதுதான்... அதுதான் இதுல...” பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ நாற்காலிமேல் ஏறினார்கள். இருட்டுப் பலகையை இத்தனை பேர் இவ்வளவு ஆவலாக எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். கிராஃப் இருபத்தைந்திலிருந்து எண்ண ஆரம்பித்தான்; பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்; கூடமே எண்ணியது. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. தலைவியின் விரல் நகம் வெளுத்திருந்தது. “வருமா?” என்றார். “வரும் மேடம், வரும், இதோ...”

பச்சை!

பலகை முழுக்க, வட்டமாக, கண் கூசும்படி. கூடம் ஓவென்று அலறியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் உலுக்கினார்கள். லட்சம் கோடியில் ஒரு பங்கு வினாடியில் நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்குக் காத்திருந்தவர்கள் பிள்ளை பெற்ற மாதிரி கொண்டாடினார்கள். தலைவி கையை எடுத்தார். வட்டம் அப்படியே நின்றது.

“விட்டாலும் நிக்குதே!”

“நிக்கும் மேடம். அதுதான் இருநிலை. அது எழுந்துடுச்சு. இனி அந்த நிலைக் கற்றையை மறைச்சாத்தான் உக்காரும்.”

“மறைங்க பாப்போம்.”

மறைத்தாள். சற்றுப் பொறுத்து வட்டம் மறைந்தது. கற்றையைத் திரும்ப விட்டாள். அதே வெளிச்சம், ஆனால் பலகை இருட்டு. தலைவி சின்னப் பெண் மாதிரி கைதட்டினார். “இன்னொரு தடவை! தள்ளுங்க, இப்ப நானே புடிக்கிறேன்.” மூன்று தடவை பிடித்தார். ஒவ்வொரு தடவையும் கூடம் எண்ணியது, ஒவ்வொரு தடவையும் அலறியது. நாலாவது தடவை யுகமே மைக்கில் எண்ணினார். அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த உரை அதுதான்.

புறப்படும்போது தலைவி பொறுமையைப் பக்கத்தில் அழைத்தார். அவள் பாதியில் நின்றுபோன பேச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்று தேடினாள்.

“மேடம், அறிவிப்புல வேகம்னு போட்டது...”

“அதை விடுங்க. எங்க ரயில்வே சிக்னல் மாதிரி, போட்டா போட்ட இடத்துல நிக்குது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது.” பிறகு தன் உதவியாளரிடம் திரும்பினார். “இவங்க பேரைக் குறிச்சுக்குங்க. இந்தக் கட்டடத்துல சுருக்கமா பேசற ஆள் இவங்க ஒருத்தர்தான்.”

வாசலில் கார் வைத்துக்கொண்டு காத்திருந்த கணவனிடம் பொறுமை ஓடினாள். “சொல்லிட்டேங்க! எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்!”

“வேலை?”

“தெரியல. ஆனா தாவிடுச்சுங்க! அவங்க விரல் வச்சே தாவிடுச்சு! நீங்க பாக்கணுமே அதை!” அவன் இரண்டு பிரேக்கையும் மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மையத்துக்கு ஒப்புதல். அதிவேகப் பிரிவின் தலைவராக அவளுக்கு நியமனம். ‘அதிவேக’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டுமென்று பொறுமை தலைவியின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டாள். ஒப்புதல் அந்தச் சொல்லோடு கிடைத்திருப்பதால், எடுப்பதானால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றும், அதற்குள் அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிடும் என்றும் உதவியாளர் விளக்கினார். உண்மையைப் பற்றி அவளிடம் இன்னும் ஒரு முழுப்பேச்சு பாக்கியிருந்தது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.